பட்டு பறக்காது: காஞ்சிபுரத்துச் சூப்பர்மேன் துண்டு குறித்து ஓர் ஆய்வு

முழுஆண்டுத் தேர்வு முடிந்த மறுநாள் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் கொடியில் உலர்ந்த துண்டுகள் காணாமல் போகத் தொடங்கும். குளிக்கக் கிளம்பிய தாத்தா கொடியைத் தடவிப் பார்ப்பார். கிளிப் இருக்கும், துண்டு இருக்காது. அது அந்நேரம் தெருமுனையில் ஏழு வயதுப் பையன் ஒருவனின் கழுத்தில் ஏறி உலகத்தைக் காப்பாற்றப் போயிருக்கும். தமிழகத்தில் எதற்கெல்லாமோ முனைவர் பட்டம் தந்திருக்கிறார்கள். இந்தத் துண்டை மட்டும் யாரும் சீந்தவில்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை எழுந்தது என்க.

ஆய்வுச் சிக்கல் இதுதான். நாட்டுக் கல்யாணங்களுக்கெல்லாம் பட்டு நெய்து அனுப்புகிற ஊர் இது. 2005-06லேயே புவிசார் குறியீடு வாங்கிய பட்டு. வீட்டுக்குள்ளேயே தறி. அப்படியிருக்க, அந்த வீட்டுப் பையன் பறக்க முடிவெடுத்ததும் பட்டைத் தொடாமல் தாத்தாவின் துண்டைத் தேடிப் போவது ஏன்?

முதலில் மூலபாடத்தைப் பார்த்துவிடுவோம். ஜெர்ரி சீகல் எழுத, ஜோ ஷூஸ்டர் வரைய, சூப்பர்மேன் 1938 ஜூன் மாத 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் வெளிப்பட்டார். நீல உடம்பு, முதுகில் 'கேப்' என்ற சிவப்புத் துணி, இடுப்பிலும் நெஞ்சிலும் மஞ்சள். மேலைநாட்டு அறிஞர்கள் இந்த உடைக்கு சர்க்கஸ் பயில்வான்களை ஆதாரமாகக் காட்டுவர். காந்தி ரோட்டுப் பட்டுக்கடையில் பாயில் உட்கார்ந்து புரட்டிப் பழகிய கண்ணுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. உடல் எம்.எஸ். ப்ளூ, முந்தி அரக்குச் சிவப்பு, ஊடே மஞ்சள் ஜரிகை. சுத்தமான கான்ட்ராஸ்ட் கோர்வைச் சேலை. எம்.எஸ். சுப்புலட்சுமிக்காகக் காஞ்சிபுரம் முத்துச் செட்டியார் போட்டுத் தந்த நீலத்துக்கும் அமெரிக்க ஓவியர் தொட்ட நீலத்துக்கும் தொடர்பு இருந்தது என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் அந்த உடையை மடித்துக் கடையில் அடுக்கினால், 'இதே கலர்ல கொஞ்சம் பெரிய பார்டரா இருக்கா?' என்று யாராவது கேட்காமல் இருக்க மாட்டார்கள் என்பது துணிபு.

மூலபாடத்திலும் அதன் பிற்சேர்க்கையிலும் நமக்குச் சாதகமான சான்றுகள் மேலும் இரண்டு உள. 1938-ஆம் ஆண்டுச் சூப்பர்மேனுக்குப் பறக்கத் தெரியாது, தாவத்தான் தெரியும். ஒரு தாவலுக்கு மைலில் எட்டில் ஒரு பங்கு என்பது அப்போதைய கணக்கு. பறக்கும் சக்தி பின்னால் வந்து சேர்ந்த இடைச்செருகல். ஆகவே திண்ணையிலிருந்து 'ஊய்' என்று கத்திக்கொண்டு குதிக்கிற பையனைப் பார்த்துச் சிரிப்பவர்கள் மூலத்தைப் படிக்காதவர்கள். அடுத்தது, சூப்பர்மேனின் உடையே வீட்டில் தயாரானது. குழந்தையாக ராக்கெட்டில் வந்தபோது அவரைச் சுற்றியிருந்த போர்வைகளைப் பிரித்து, அந்த நூலைக்கொண்டே வளர்ப்புத்தாய் உடை செய்து போட்டார் என்று பிந்தைய கதைகள் சொல்கின்றன. துணியை நூலாகப் பிரித்து மறுபடி துணியாக்கத் தெரிந்த பெண்மணி கான்சாஸில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது தனி ஆய்வுக்குரியது. அவர் இருக்க வேண்டிய இடம் பிள்ளையார்பாளையம்.

இனிப் பட்டுக்கு வருவோம். 'பட்டே உத்தமமான கேப்' என்ற எடுகோளை நெசவறிவு முதல் அடியிலேயே வீழ்த்திவிடுகிறது. காஞ்சிப் பட்டுச் சேலை ஆறு மீட்டருக்குச் சற்று மேல் நீளம். எடை அரைக் கிலோவில் தொடங்கி, ஜரிகை கூடக்கூட ஒரு கிலோவைத் தொடும். அந்த எடையில் கனத்த பங்கு முந்தியில் இருக்கிறது. கேப் என்பது ஒரு முனை கழுத்திலும் மறுமுனை காற்றிலும் இருக்க வேண்டிய பொருள். முந்தியைக் காற்றில் விட்டால் பறக்க வேண்டிய முனையே பாரமான முனையாகிவிடுகிறது. ஓடுகிறவன் முதுகில் அது எழும்பாது. குதிகாலில் வந்து அடிக்கும். சரி, திருப்பிப் போடுவோம் என்று முந்தியைக் கழுத்தில் முடிந்தால், ஒரு குடும்பம் வாரக்கணக்கில் உட்கார்ந்து போட்ட அன்னமும் யாளியும் இரட்டை மயிலும் ஒரே முடிச்சில் கசங்கிப்போகும். இரு வழியும் அடைபட்ட இந்நிலையைத் தருக்க நூலார் எப்படி அழைத்தாலும் சரி, பட்டு பறக்காது.

இயற்பியல் இடம் கொடுத்தாலும் பொருளாதாரம் கொடுக்காது. தறியில் இருக்கும் பட்டு தறிவைத்திருப்பவருடையது அன்று. பாவும் ஊடையும் ஜரிகையும் சொசைட்டியிலிருந்தோ முதலாளியிடமிருந்தோ எடை போட்டு வருகின்றன. சேலையாகத் திரும்பிப் போகும்போது மறுபடி எடை. வீட்டுக்கு மிஞ்சுவது கூலி. இந்த நிலவரத்தை வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் சேருமுன்பே ஒரே பாடத்தில் கற்றுவிடுகிறார்கள். அப்பாடம் பெரும்பாலும் இப்படி நடக்கும்:

"ஆயா, அந்தச் சேலைய ஒரே ஒரு ரவுண்டு கட்டிக்கிட்டு குடுத்துடறேன்."

"எதை?"

"தறியில இருந்து அறுத்தாங்களே, செவப்பு."

"கைய எடுடா. அது சொசைட்டி பட்டு. ஒரு கறை பட்டுச்சுன்னா உங்கப்பன் கூலி போயிடும்."

"அப்ப நம்ம பட்டு எது?"

"உங்கம்மா கல்யாணச் சேலை. பீரோல இருக்கு. அதையும் தொடாத."

'நம்ம பட்டு எது' என்ற வினாவுக்கு விடை தருவது இவ்வாய்வின் எல்லைக்குள் வராது. பட்டோடு பிள்ளைகளுக்கு இருந்த பழைய உறவை மட்டும் சொல்லலாம். கோர்வை ரகத்தில் மூன்று நாடா ஓடும். உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக நெய்ய, நெசவாளர் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்து கரை நாடாவைப் போட வேண்டும். அந்தப் பக்கத்து இருக்கையில் நெடுங்காலம் உட்கார்ந்தவை பிள்ளைகளின் கைகள். இன்றைய பையன் அந்த நேரத்தில் தெருவில் துண்டைக் கட்டிக்கொண்டு ஓடுகிறான் என்றால், அதில் எனக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை. தாத்தா கொஞ்சம் ஈரத்தோடு நிற்கட்டும்.

எனவே துண்டு. துண்டிலும் தரபேதம் உண்டு. டர்க்கி டவல் கடைத்தெருவில் மதிப்பானதாக இருக்கலாம், ஆகாயத்தில் உதவாது. தண்ணீரைக் குடிக்கவென்று பிறந்த துணி காற்றை மதிப்பதில்லை. ஈரிழைத் துண்டு நல்லது, அதிலும் பழையது. புதுத் துண்டில் கஞ்சி இருக்கும், முதுகில் பலகையாக நிற்கும். ஒரு வருஷம் துவைத்து, நடுவில் வெளிச்சம் தெரியும் அளவுக்கு நைந்த ஈரிழை, பையன் நாலடி ஓடியதும் எழும்பிவிடுகிறது. எல்லாவற்றிலும் மேல் காசித்துண்டு: லேசானது, நிறமும் சிவப்பை ஒட்டியது. ஆனால் நிறத்தில் ஒரு சங்கடம் இருக்கிறது. இந்த ஊரில் எந்த நிறத் துண்டைத் தோளில் போட்டாலும் அதற்கு ஒரு கட்சி இருக்கிறது. கறுப்பானால் ஒன்று, காவியானால் ஒன்று, மஞ்சளானால் ஒன்று, பச்சையானால் ஒன்று. டீக்கடை பெஞ்சைத் தாண்டிப் பறக்கும் சூப்பர்மேனை நிறுத்தி, 'உங்க அப்பா எப்ப இந்தப் பக்கம் வந்தாரு?' என்று விசாரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பூப்போட்ட துண்டுதான் நடுநிலை.

அடுத்து முடிச்சு. இங்கே ஆய்வாளன் சிரிப்பை ஒதுக்கிவைத்துவிட்டுப் பேச வேண்டும். பிக்ஸார் நிறுவனத்தின் 'தி இன்கிரெடிபிள்ஸ்' படத்தில் (2004) உடைக் கலைஞர் எட்னா, கேப்பினால் உயிர்விட்ட நாயகர்களின் பட்டியலை அடுக்கி, கேப்பே கூடாது என்று அடித்துச் சொல்லுவார். எங்கள் ஊர் ஆயாக்களுக்கு அந்தப் படம் தெரியாது, கருத்து தெரியும். கழுத்தைச் சுற்றிச் சுருக்கு விழுந்தால், துண்டு கேட்டிலோ சைக்கிள் ஹேண்டில்பாரிலோ மாட்டும்போது இழுபடுவது பையன்தான். அறுந்த பாவு இழைகளை விரல் நுனியில் முறுக்கிப் புணைந்தே வாழ்நாளைக் கழித்தவர்கள் இந்த வீடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளை கழுத்தில் முடிச்சே போடுவதில்லை. பனியன் தோள்பட்டை இரண்டிலும் பக்கத்துக்கொரு ஊக்கு, அதில் துண்டின் இரு முனை. எங்காவது மாட்டினால் பனியன் கிழியும். கிழிந்த பனியனுக்கு அடி விழும், உயிருக்கு ஒன்றும் ஆகாது. டெய்லர் கடைக்குப் போகிற வழக்கமுள்ள வீடுகளில் டிக் பட்டன் வைத்துத் தருகிறார்கள். இழுத்தால் 'டிக்' என்று விட்டுவிடும். உலகத் தரத்துக்கு ஈடான தீர்வு இது என்பது என் கருத்து.

மற்ற உறுப்புகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். இடுப்புப் பட்டைக்குப் பாவாடை நாடா. முகமூடிக்குக் காஞ்சிக்கே உரிய ஒரு கச்சாப்பொருள் உண்டு: கழித்துப் போட்ட ஜக்கார்டு அட்டை. தறியின் தலைமேல் ஏறி, எந்த இழை தூக்க வேண்டும், எது கிடக்க வேண்டும் என்று ஓட்டைகளால் கட்டளையிட்ட அட்டை இது. டிசைன் மாறினால் பரணுக்குப் போய்விடும். இதைக் கண்ணளவுக்கு வெட்டி ரப்பர்பேண்டு கோத்தால் மூக்குக்கு மேலே வரிசை வரிசையாகப் புள்ளி ஓட்டையுடன் எந்த ஹாலிவுட் கம்பெனியிலும் கிடைக்காத முகமூடி தயார். அணிந்திருப்பவன் முகத்தில் ஒரு மாங்காய் பார்டரின் கால்பங்கு எழுதியிருக்கிறது என்பது அவனுக்கே தெரியாது. எலெக்ட்ரானிக் ஜக்கார்டு வந்தபிறகு இவ்வட்டைகளின் வரத்து குறைந்து வருகிறது. முகமூடித் தொழில் கவனிக்க வேண்டிய செய்தி. இந்தச் செலவெல்லாம் வேண்டாம் என்போர் இரும்புக்கை மாயாவியைத் தேர்ந்தெடுக்கலாம். 1972-இல் சிவகாசி முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாகவே கொண்டுவந்த நாயகர். உருவம் மறைந்துவிடும், கை மட்டும் தெரியும் என்பதால் ஒரு கையுறை போதும். ஆனால் அவர் மறைவதற்கு மின்சாரத்தைத் தொட வேண்டியிருப்பதால் பெற்றோர் துண்டையே விரும்புவர்.

பேன்ட்டுக்கு மேல் ஜட்டி போடும் பிரச்சினையில் வீடுகள் இன்னும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. அமெரிக்காவிலும் வரவில்லை: 2011-இல் பதிப்பாளர்களே சூப்பர்மேனின் சிவப்பு ஜட்டியைக் கழற்றிவிட்டு, 2018-இல் திரும்ப மாட்டிவிட்டார்கள். 'உள்ள போடறத வெளிய போட்டுக்கிட்டு தெருவுக்குப் போறியா' என்று அம்மாக்கள் எழுப்பும் வினாவுக்கு எண்பது ஆண்டுகளுக்கு மேலாக அங்கே நேரடி விடை இல்லை.

கேப் பறத்தலுக்கு இன்றியமையாததா என்ற கேள்வியை இனி எழுப்பலாம். ஷூஸ்டருக்கு அது தேவைப்பட்டது. அசையாத கட்டத்துக்குள் அசைவு தெரிய வேண்டும். பல்லவச் சிற்பிக்கு அதே தொல்லை கல்லில் இருந்தது. மாமல்லபுரம் அர்ச்சுனன் தபசுப் பாறையில் வானவர்கள் கூட்டமாக வந்து இறங்குகிறார்கள். இறக்கை கிடையாது, கேப் கிடையாது. முழங்காலைப் பின்னுக்கு மடக்கிவிட்டான் சிற்பி; உடம்பு தரையை விட்டுவிட்டது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கு முந்தைய அந்தச் சிக்கனத்தைப் பிள்ளைகளுக்குப் பரிந்துரைக்கலாம்தான். திண்ணையிலிருந்து குதிக்கும்போது முழங்காலைப் பின்னால் மடக்கினால் என்ன ஆகும் என்பதால் பரிந்துரைக்கவில்லை.

பறத்தல் போகட்டும், முதுகு இருக்கிறதே. வைகாசிக் கருட சேவையில் வரதராஜப் பெருமாள் கோபுரவாசல் தாண்டி வரும்போது குடைகளுக்கு நடுவே முன்னழகைப் பார்க்கக் கூட்டம் முட்டி மோதும். விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் ஒதுங்கி நின்று, வாகனம் கடந்துபோன பிறகு பின்னழகைச் சேவிப்பார்கள். முதுகுப்புற மாலை, பின்னல், பட்டின் விழுகை எல்லாம் அவர்களுக்காகவே தனியே அலங்கரிக்கப்பட்டவை. கடந்து போகிறவரைப் பின்னாலிருந்து பார்ப்பவர்களுக்கும் ஒரு காட்சி உண்டு என்பதை ஏற்றுக்கொண்ட ஊர் இது. கேப்பின் தத்துவமும் அதுவே. காப்பாற்றப்பட்டவர்கள் கடைசியாகப் பார்ப்பது நாயகனின் முதுகைத்தான். உடையில் மட்டும் எங்கள் ஊரோடு சூப்பர்மேன் போட்டியிட முடியாது. 2019-இல் ஜூலை 1 முதல் நாற்பத்தெட்டு நாள் அத்தி வரதர் எழுந்தருளியிருந்தபோது, 'இன்று என்ன நிறப் பட்டு' என்பது காலைச் செய்தியாகவே இருந்தது. சூப்பர்மேனோ 1938 முதல் ஏறக்குறைய ஒரே செட்.

கூத்தையும் விட்டுவிடலாகாது. காஞ்சிக்கு அருகே புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துச் சங்கம் இருக்கிறது. கிரீடம், புஜகீர்த்தி, மார்புப்பதக்கம் என்று மரத்தில் செய்து கண்ணாடி பதித்த கட்டைகளைக் கட்டிக்கொண்டு விடிய விடிய ஆடுவதால் வந்த பெயர். அங்கே நாயகன் துணியை முதுகில் போடுவதில்லை, முகத்துக்கு முன்னே பிடிக்கச் செய்கிறான். இரண்டு பேர் திரை பிடிக்க, அதன் பின்னால் நின்றே பாடி, ஆடி, கூட்டத்தின் பொறுமையைச் சோதித்துவிட்டு, கடைசியில் திரை விலகக் கர்ணனோ துரியோதனனோ வெளிப்படுவார். இதைக் கற்ற பையன்கள் தெருவில் உண்டு. நேரே ஓடி வர மாட்டார்கள். இரண்டு சிறுசுகளைப் பிடித்துத் துண்டைத் திரையாகப் பிடிக்கச் சொல்லி, பிறகு அதே துண்டைப் பிடுங்கி முதுகில் மாட்டிக்கொண்டு பறப்பார்கள். சிறுசுகள் அழும்.

பெரியவர்கள் இதையெல்லாம் சிறுபிள்ளைத்தனம் என்பார்களானால் அவர்கள் மேடையேறியதில்லை என்று பொருள். தோளில் துண்டு போடுவது தமிழ்நாட்டில் அற்ப விஷயமாக இருந்ததில்லை. மேல்சாதிக்காரர் எதிரே வந்தால் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்ட வேண்டும் என்று பெருங்கூட்டத்தை நிறுத்திவைத்திருந்த நாடு இது. அதைத் தோளிலேயே வைத்துக்கொள்வதற்குச் சுயமரியாதைக்காரர்கள் சண்டை போட வேண்டியிருந்தது. 1909-இல் இதே ஊரில் நெசவுக் குடும்பத்தில் பிறந்த அண்ணாவைத் துண்டில்லாமல் நினைத்துப் பார்க்க முடியுமா? பின்னர் துண்டு நீண்டது, முழங்காலைத் தொட்டது, சால்வையாகிப் பொன்னாடையாயிற்று. பொன்னாடை என்பது பெரியவர்களுக்கான கேப். ஒரே வித்தியாசம், ஊக்கு கிடையாது. போர்த்தப்பட்டவர் கும்பிடக் குனிந்தால் நழுவும். போட்டோ எடுத்து முடிந்த கணமே மடிந்து உதவியாளர் கைக்குப் போய்விடும். அதன் சக்தி ஃப்ளாஷ் அணையும்வரை. தாத்தாவின் துண்டு சாயங்காலம் வரை தாங்கும்.

கேப்பின் பெருந்தீங்கு இந்த ஊரில் கழுத்தில் இல்லை, தெருவில் இருக்கிறது. வெயில் ஏறுமுன் தெருவில் பாவு நீட்டுவார்கள். கம்புகளில் தாங்கி வீடுகளுக்கு முன்னால் நீண்டு கிடக்கும் ஆயிரக்கணக்கான பட்டிழைகள். பெரும்பாலும் மூன்று சேலைக்கான முழுப் பாவு. மயிர்போன்ற ஒவ்வோர் இழையையும் பார்த்துப் பார்த்துப் பிரித்து, அறுந்ததைப் புணைந்துகொண்டிருக்கும் நேரம். அப்போது கையிரண்டையும் முன்னே நீட்டிக்கொண்டு, ஓட்டையட்டைக் கண்ணால் பாதித் தெருவைப் பார்த்தபடி ஒரு சூப்பர்மேன் வருகிறான். கிரிப்டனைட் என்ற கல் சூப்பர்மேனை வலுவிழக்கச் செய்யும் என்று காமிக்ஸில் படிக்கிறோம். இங்கே அந்த வேலையைப் பாவின் மறுமுனையிலிருந்து வரும் ஒரே ஒரு 'டேய்!' செய்துவிடும். பறத்தல் உடனே நின்று, நாயகன் கால் ஊன்றி, துண்டின் நுனி பாவில் உரசாமல் அதைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, குனிந்து, பாவின் ஓரமாகவே நடந்து, கடைசிக் கம்பு தாண்டியதும் மறுபடி பறப்பான். 1997-இல் தூர்தர்ஷனுக்கு வந்த சக்திமானுக்குக் கேப்பே கிடையாது. ஆனாலும் பிள்ளைகள் அவரைப் பார்த்து விபரீதம் செய்துவிடுவார்கள் என்று நாடெங்கும் கவலை எழுந்து, தொடரின் பகுதிகள் முடியும்போது அவரே வந்து புத்தி சொல்ல நேர்ந்தது. பிள்ளையார்பாளையத்துக்கு அந்த ஏற்பாடு தேவைப்படவில்லை, பாவே பார்த்துக்கொள்கிறது.

இறுதியாக, இத்துண்டு அரங்கேறும் மாறுவேடப் போட்டியைப் பற்றி. அங்கே சூப்பர்மேன் நெடுங்காலமாகத் தோற்றே வருகிறார். காரணம் உடை அன்று, வசனம் இல்லாமை. பாரதியார் வேடத்துக்குத் தலைப்பாகையும் மைமீசையும் போதும், மிச்சத்தைப் பாட்டு பார்த்துக்கொள்ளும். ஔவையாருக்குக் கம்பு, கூன், பாட்டு. கட்டபொம்மனுக்குக் கர்ஜனை. சூப்பர்மேனோ மேடைக்கு வந்து ஒரு கையை நீட்டி நிற்பான். 'நீ யாருப்பா?' என்றால் 'சூப்பர்மேன்'. அவ்வளவுதான். இக்குறையைத் தீர்க்க நெசவாளர் வீட்டு அம்மாக்கள் ஆகஸ்ட் 7, தேசிய கைத்தறி தினத்தைப் பயன்படுத்துகிறார்கள். அன்று நடக்கும் போட்டிக்கு மனப்பாடம் செய்துகொண்டு வருகிற சூப்பர்மேன், 'நான் வேற்றுக் கிரகத்தில் இருந்து வருகிறேன். எனக்குச் சக்தி தருவது நான் அணிந்திருக்கும் அசல் கைத்தறி!' என்று முழங்கி, ஒரு சுற்றுச் சுற்றி முதுகைக் காட்டுகிறான். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போகிறது. முதல் பரிசு உறுதி என்று அம்மா போனை எடுக்கிறாள்.

ஆனால் இந்த ஊரில் நடுவராக உட்காருபவரும் யாராவது ஒரு தறிக்காரர் வீட்டுப் பிள்ளைதான். பையனைக் கிட்டே கூப்பிட்டு, துண்டின் கரையை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து ஒருதரம் தேய்த்துப் பார்க்கிறார். "இது பவர்லூம்" என்கிறார். ஆறுதல் பரிசு, ஒரு சோப்பு டப்பா.